தனிச் சட்டி

மச்சானுக்கு, பாலக்காட்டிலிருந்து ஸலாம்.

மீ என்கிற அந்தச் சீன நூடுல்ஸ் சூப்பைப் பன்றி சேராமல் தருகிற கடை தேடி, பினாங்கில் தெருத் தெருவாக அலைவதாக முன்பெல்லாம் எழுதுவீர்கள். படித்துவிட்டுக் கண்ணை மூடினால் நானும் உங்கள் பின்னாலேயே நடப்பேன். சிவப்பு விளக்குகள் ஆடும். சட்டிகளின் ஆவி முகத்தில் படும். உங்கள் முதுகு மட்டும் ஆவிக்குள் மறைந்து மறைந்து தெரியும்.

நேற்று ஆட்டெலும்புச் சாற்றில் இடியாப்பத்தைப் போட்டு, மீ என்று பாத்துவுக்குக் கொடுத்தேன். கரைந்து கூழாகிவிட்டது.

"இதுக்காம்மா அத்தா அங்கயே இருக்காங்க?" என்றாள் உங்கள் மகள்.

ஒரு வருடமாக நீங்கள் கடை தேடுவதில்லை. ஒரு சீனத்தி தன் கடையில் உங்களுக்கென்று தனிச் சட்டி வைத்திருக்கிறாளாம். நம்மவர் அறுத்த கோழியாகப் பார்த்து வாங்குகிறாளாம். உங்கள் வயிற்றுக்கு ஆகாதென்று மிளகுகூடப் போடுவதில்லையாம். சந்தோஷம்.

ஆனால் மச்சான், கடையென்றால் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே சட்டிதான். ஒரு ஆளுக்கென்று தனிச் சட்டி வைத்துச் சமைத்தால் அதற்குக் கடை என்று பேரில்லை.

இங்குள்ள வீட்டுக்காரி