நாலாவது மூலைக் கஞ்சி

ஷ்தோஹில் கிராமம்,
மே 19, செவ்வாய்

மெரிதா நகரில் காலுக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் ஒடிலியா அக்காவுக்கு, நெய்மி தூயுப் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் முதுகு மட்டும் நலமில்லை. காரணம் கீழே வரும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தூரிகைகளையும் அளவு நாடாவையும் பெட்டியில் கட்டி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். இனி வேறு ஆய்வாளர் வருவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெட்டியை அனுப்பவில்லை. கட்டக் கயிறு கிடைக்கவில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் வீட்டுக்கு வீடு ஊஞ்சல்படுக்கை பின்னும் ஊரிலிருந்து அப்படி எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள்.

பழங்காலப் பானை தேடி நாம் தோண்டிய குழியைத் தகரத்தால் மூடிவைத்திருக்கிறோம். பள்ளி விட்டால் என் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது. சலிக்காமல் மண் சலித்தோமே, அதை நினைத்துக்கொண்டு நிற்பேன். உங்கள் சல்லடையில் என் சட்டைப் பொத்தானைப் போட்டேன். நீங்கள் முகம் மாறாமல் அதைப் பையிலிட்டு, "நெய்மி காலம், மிகப் பிற்பட்டது" என்று சீட்டு எழுதினீர்கள். மதியம் ஹபனேரோ மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணீரோடு, "காரமே இல்ல" என்று பொய் சொன்னீர்கள். பொய் சொல்ல உங்களுக்கு வராது என்று அன்றைக்கே நினைத்தேன். தப்பாக நினைத்துவிட்டேன்.

சடங்கு நாளைச் சொல்கிறேன். குழி தோண்டும் முன் நாலு மூலையிலும் சுரைக்குடுவையில் சோளக்கஞ்சி வைத்து, சடங்குக்காரர் டொன் ஃபெலிசியானோ கண்ணுக்குத் தெரியாத காட்டுக் காவலர்களை அழைத்துக்கொண்டிருந்தார். காவலர்கள் குடித்த பிறகுதான் மனிதருக்கு. நாலாவது மூலை உங்கள் பொறுப்பு. அன்று அவர் அழைத்தார், அழைத்தார், உலகத்தில் உள்ள காவலர் எல்லோரையும் அழைத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கஞ்சியில் தேன் வேறு. உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். கைக்குட்டையை நீட்டி, உதட்டைத் துடைக்கச் சொல்லிச் சைகை காட்டினீர்கள். கிழவர் வெறும் குடுவையைப் பார்த்து, "யாருடா இது?" என்று கத்தியபோது, "தாகம், நான்தான் தெரியாம குடிச்சிட்டேன்" என்றீர்கள். குழி பறிக்க வந்தவர் எனக்குக் குழி பறிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே மூலை சரிந்து உங்கள் கணுக்கால் உடைந்தது. உங்களை வண்டியில் ஏற்றி அனுப்பிய கையோடு ஊர் பேச ஆரம்பித்தது. "மொத வாய் யாருக்குன்னே தெரியாத பொம்பளைக்கு நம்ம மண்ணு எதுக்கு?" என்றார் ஊர்ப் பெரியவர் டோனியா கசில்தா. என் தாத்தா பிறப்பதற்கு முன்பே யாரோ செதுக்குக்கல்லை லாரியில் ஏற்றிப்போன பழங்கதையெல்லாம் திரும்ப வந்தது. கிடைக்கும் பானை எதுவும் ஊரை விட்டுப் போகாது என்று நீங்களும் சபையும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டுக் குழியையும் மூடலாமா என்று ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. தலைமை என் அப்பா.

நான் எழுந்து சொல்லிவிட்டேன்.

டோனியா கசில்தா, "குடிச்சது நீ, பழி அவளுக்கா? நல்லா வளத்தாங்கடி ஒன்ன" என்றார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை, அக்கா.

டொன் ஃபெலிசியானோதான் முடிவு சொன்னார். "கஞ்சியக் குடிச்சவ ஒருத்தி, காவலருக்கு முன்னால பொய் சொன்னவ ஒருத்தி. ரெண்டு கழுதையும் அந்த மூலையில நின்னு புதுசா படைக்கட்டும். மழைக்கு முன்னால நடந்தா குழி இருக்கும். இல்லன்னா மூடிருங்க." எல்லோரும் கை தூக்கினார்கள். டோனியா கசில்தா பாதி தூக்கினார். கழுதை என்றது என்னை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படையல் கஞ்சிக்கு, அன்றாடச் சமையலில் போடுகிற சுண்ணாம்பு போடாமல் அவித்த சோளத்தை நானே அரைக்க வேண்டுமாம். மில்லுக்குக் கொண்டுபோகக் கூடாதாம், கல்லில்தான். அதற்காக இப்போதே தினமும் பழகுகிறேன். முதுகு கதை இதுதான். வேறு ஆய்வாளர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அந்த மூலையில் அவரை நிறுத்த முடியாது, அவர் பொய் சொல்லவில்லையே.

நேற்று மேகம் கிழக்கே கறுத்துக் கலைந்தது. அன்று இரண்டு பங்கு சோளம் அரைத்துப் பழகினேன். கால் ஊன்ற முடியாதே, மேட்டுப்பாதையாயிற்றே என்று யோசிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னிடம் பேசாத அப்பா இன்று காலை தன் மூன்றுசக்கர வண்டிக்கு எண்ணெய் விட்டபடி, "சோள மூட்டையவிட அந்த அம்மா கனமா என்ன? நான் தள்ளிட்டு வரேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

உங்கள் காலும் எங்கள் மண்ணும் ஒன்றையொன்று மன்னிக்கட்டும். மழை எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எப்போது வருவீர்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள், அக்கா.

கேட்காமல் குடித்த,
நெய்மி