கார் கொதித்த கிழமை

3.8.94 புதன்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. பல்லுக்குள்ளும் மண். கார் இன்றும் கொதித்தது. இந்தக் கிழமையில் நாலாம் தரம்.

கிளிநொச்சிக்குத் தேங்காய் மூன்று சாக்கு, ஏறிவந்த ஆட்கள் இரண்டு பேர். முறிகண்டிக்கு இரண்டு மைல்கட்டை இருக்க எஞ்சினிலிருந்து நீராவி. துரைராசா இறங்கிச் சாக்கால் பிடித்து றேடியேற்றர் மூடியைத் திறந்தான். தண்ணீர் ஆளுயரத்துக்கு எழும்பியது. துரைராசா என் சாரதி, ஐந்து வருடம். நான் கார் ஓட்டப் பழகவில்லை. சைக்கிளில் போன ஒருவன்:

"என்ன முதலாளி, நடு றோட்டிலை தேத்தண்ணி வைக்கிறியளோ?"

சிரிப்பு வரவில்லை. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டுப் புறப்பட்டோம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் கற்பூரம் கொளுத்தி, கச்சான் கடலை வாங்கினோம். கிளிநொச்சியில் தேங்காய் எடுக்கிறவன் பார்த்துப் பார்த்து இருந்துவிட்டுப் போய்விட்டான். இன்னும் இரண்டு தரம் இப்படி நடந்தால் வேறு ஆளைப் பிடிப்பான். மாங்குளத்துச் சனம் ஆஸ்பத்திரிக்குப் போவதும் இந்தப் பழைய ஏ-40 காரில்தான். நோயாளியோடு நடுவழியில் நின்றால்?

எதனால் சூடு? எழுதிப் பார்க்கிறேன்.

விசிறி பெல்ற் – பழசு, ஆனால் இறுக்கம்.

தண்ணீர் ஒழுக்கு – இப்போது இல்லை. போன மாதம் றேடியேற்றர் ஒழுகியது. ஒட்டுவதற்கு இங்கே ஈயம் எங்கே? எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். என் கடையிலிருந்து மஞ்சள் தூள் ஒரு பக்கற் கொண்டுவரச் செய்து உள்ளே கொட்டுவித்தேன். பிறகு கசிந்த நேரமெல்லாம் ஒவ்வொரு பிடி. ஒழுக்கு நின்றது.

மண்ணெண்ணெய் – என் சந்தேகம் இதில்தான். தடையால் பெற்றோல் வராத ஊர், எல்லாக் காரும் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. ஆனால் முதலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைச் சூடாக்கி எடுத்த பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஒருவன் அந்தப் பெற்றோலை விடாமல் வைத்துக்கொண்டால்?

பெற்றோல் போத்தலின் ஒடுங்கிய கழுத்தில் கடதாசி ஒட்டி, மட்டத்துக்குக் கோடு கீறி வைத்திருக்கிறேன். துரைராசாவுக்குச் சொல்லவில்லை.

4.8.94 வியாழன்

போத்தல் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே! காரோ நேற்று வந்ததிலிருந்து எடுக்கவில்லை.

நேரே அரிசி ஆலைக்குப் போனேன். கார் ஓடாத நாளில் துரைராசாவுக்கு அங்கே வேலை. தவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு நின்றான். ஆலை நின்றிருந்த நேரம். பேசினது எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"பெற்றோல் எங்கையடா?"

"போத்தலுக்கை."

"ரெண்டு விரல் குறையுது."

"காத்துக் குடிச்சதுக்கும் நானோ முதலாளி பொறுப்பு?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அதுதான் என்னைச் சுட்டது. "கள்ளன். அஞ்சு வரியமாய் ஒரு கள்ளனுக்குச் சோறு போட்டிருக்கிறன்" என்றேன். இன்னும் என்னவோ எல்லாம் சொன்னேன். எழுத வேண்டியதில்லை.

அவன் இடுப்பிலிருந்த திறப்புக் கொத்தை அவிழ்த்தான். கார்த் திறப்பை மூட்டைமேல் வைத்துவிட்டுப் போனான். நெல்லுக் குத்த வந்திருந்த மணியக்கா, பக்கத்திலிருந்தவளிடம்: "ஆளைப் பாத்தால் சொல்லேலுமே? எனக்கு முந்தியே ஒரு மாதிரித்தான்."

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

5.8.94 வெள்ளி

காரை உழவு மெசினில் கட்டி, கார் திருத்துகிற மாரிமுத்துவின் கொட்டிலுக்கு இழுத்துப் போனோம். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையிலிருந்து வந்தவர். தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்த கை.

சாரதி செய்த வேலை என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எஞ்சினை ஓடவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து றேடியேற்றரின் மேல்பக்கம் விரலை வைத்துச் சடாரென எடுத்தார். பிறகு அடிப்பக்கம் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவேயில்லை.

"நீங்களும் வச்சுப் பாருங்க மொதலாளி. மேல கை வைக்க முடியல. கீழ கிணத்துத் தண்ணியாட்டம் இருக்கு. தண்ணி எறங்கல. உள்ளுக்கு அடைச்சிருக்கு."

"அப்ப பெற்றோல்?"

"பெட்ரோலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

கழற்றினார். மேல்தட்டைத் திறந்ததும் ஒரு மணம். புளித்த கூழ் மணம். கம்பியை விட்டு இழுத்தார். மஞ்சளாக, கெட்டியாக, நூல் நூலாக வந்தது.

"என்னங்க இது, களி கிண்டி வச்சிருக்கு?"

மஞ்சள் தூள் என்றேன். மஞ்சள் இப்படி வராது என்றார். என் கடைப் பக்கற் ஒன்று அவர் வீட்டிலும் இருந்தது. இரண்டு தகரப் பேணியில் வெந்நீர். ஒன்றில் அவர் மனைவி அம்மியில் அரைத்த மஞ்சள், மற்றதில் என் கடைத் தூள். அரைத்தது அடியில் மண்போல் படிந்தது. என்னுடையது தடித்து, குமிழிவிட்டு, அகப்பையில் ஒட்டியது.

அரிசிமா.

மாரிமுத்து என் முகத்தைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிடக் கேவலமாக இருந்தது.  பதினொரு வருடக் கடை. சைக்கிள் கரியரில் பெட்டி கட்டித் தொடங்கினது. எவனும் என் சாமானில் ஒரு சொல் சொன்னதில்லை.

பின்னேரம் வீட்டில் என் மனைவி பூரணத்திடம் கேட்டேன். மஞ்சளை இடித்து அரித்துப் பக்கற்றில் போடுவது அவள் வேலை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மஞ்சளுக்கை மா கலந்தனியோ?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"ரெண்டு வரியம்."

இவ்வளவு லேசாகச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை.

"என்னட்டை ஒரு வார்த்தை சொல்லேல்லையே!"

"இஞ்சாருங்கோ, வவுனியாவிலையிருந்து மஞ்சள் வாறது குறைஞ்ச நேரம், வாற சனத்துக்கு இல்லையெண்டு சொல்லப்படாதெண்டு ஆர் சொன்னது? மாதானே போட்டனான், செங்கல்லே இடிச்சுப் போட்டனான்?"

"அதுக்காக?"

"பத்துக் கிலோ கிழங்கு தந்து பன்ரண்டு கிலோ தூள் வாங்கினீங்கள். நிறுத்தது ஆர்?"

நான்தான் நிறுத்தேன். தராசை வேறு யாரையும் தொடவிடுவதில்லை. இடித்தால் குறைய வேண்டிய சாமான் கூடி வந்தது. இரண்டு வருடம் அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.



6.8.94 சனி

மாரிமுத்து சோடாத் தூளும் வெந்நீரும் விட்டு, கம்பி விட்டு, அரை வாளி களி எடுத்தார். பழைய றேடியோவிலிருந்து உருக்கி எடுத்த ஈயம் ஒரு சொட்டு வைத்து ஓட்டையையும் அடைத்தார். முறிகண்டிவரை அவரே ஓட்ட, போய் வந்தோம். கொதிக்கவில்லை. ஒரு பொட்டு ஆவியும் இல்லை.

பெற்றோல் போத்தலின் தக்கையையும் இன்று பார்த்தேன். காய்ந்து சுருங்கி, வாயில் ஆடுகிறது. காற்றுத்தான் குடித்திருக்கிறது.

மாரிமுத்து: "நா வெளிய பேச மாட்டேன் மொதலாளி. தண்ணிப் பம்பு கோளாறுன்னு சொல்லிடுவோம்."

வழியெல்லாம் அதை யோசித்தேன். பொய் சொல்வதில் எனக்குப் பெரிய வெட்கம் இல்லை. வியாபாரி. பம்பு என்றால் கடை தப்பும். ஆனால் பம்பு என்றுவிட்டுத் தக்கையை மட்டும் காட்டினால், சாரதி இல்லாததால் முதலாளி மழுப்புகிறான் என்பார்கள், துரைராசா கள்ளன்தான். அவனைத் துப்புரவாக்க வேண்டுமென்றால் எனக்கே கேடான மஞ்சளையும் சொல்ல வேண்டும், அப்போதுதான் நம்புவார்கள். இரண்டில் ஒன்று.

துரைராசா வீட்டுக்குப் போனேன். வேலி அடைத்துக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் சொன்னேன், மா உட்பட. அவன் கதியால் நடுவதை நிறுத்தவில்லை.

"பிழை என்னிலை. நாளைக்கு வந்து காரை எடு. சம்பளமும் கூட்டித் தாறன்."

"என்ரை மனிசி ரெண்டு நாளாய் ஆலைக் கிணத்துக்குத் தண்ணி அள்ளப் போகேல்லை, முதலாளி. பிள்ளையளையும் விடேல்லை."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"சொன்ன இடத்திலை சொல்லுங்கோ. எனக்குச் சொல்லி என்ன? நான் களவெடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்தானே."

7.8.94 ஞாயிறு

காற்று கொஞ்சம் விட்டிருக்கிறது. காலை பூரணம் போட்டுக்கொள்ளச் சேட்டு எடுத்துத் தந்தாள். "சொல்லத்தான் போறியளோ?" "ஓம்." 

ஆலையில் ஏழெட்டுப் பேர். துரைராசா வெளியே வேம்புக்குக் கீழே, நான் வரச் சொல்லியிருந்தேன். ஆலைக்கார இரத்தினம் அண்ணையிடம் மெசினை நிறுத்தச் சொன்னேன்.  

"வியாழக்கிழமை துரைராசாவைக் கள்ளன் எண்டனான். அவன் எடுக்கேல்லை. தக்கை சுருங்கிப் பெற்றோல் ஆவியாப் போயிருக்கு. கார் கொதிச்சது என்ரை கடை மஞ்சளாலை. அதிலை அரிசிமா கலந்து கிடக்கு. ரெண்டு வரியமாய்."

துப்புவார்கள் என்று நினைத்தேன். பக்கற்றைத் திருப்பிக் கொண்டுவந்து எறிவார்கள் என்று நினைத்தேன். கடையைப் பூட்டவும் யோசித்து வைத்திருந்தேன்.

மணியக்கா: "இதுக்கே மெசினை நிப்பாட்டினீங்கள்? உங்கடை தூளிலை குழம்பு நல்லாத் தடிக்கும், தம்பி. அதுக்காகத்தானே வாங்கிறது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மணியக்காவின் பக்கம் திரும்பினேன்.

"தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியாமல்?" இரத்தினம் அண்ணை. "கோயிலுக்கு ஏன் உம்மட்டை எப்பவும் மஞ்சளைக் கிழங்காக் கேட்டு வாங்கிறவை எண்டு ஒருநாளும் யோசிக்கேல்லையோ? நீர் தெரிஞ்சுதான் செய்யிறீர் எண்டு நாங்கள் பேசாமல் இருந்தனாங்கள்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கத்தில் பாதி, தப்பினேன் என்ற நினைப்பில் பாதி. கடைக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகவேயில்லை!

துரைராசா உள்ளே வந்து நின்றான். அவன் சிரிக்கவில்லை.

"மணியக்கா, முதலாளியின்ரை மஞ்சள் கலப்படம் எண்டு ரெண்டு வரியமாய்த் தெரியும் உங்களுக்கு. உங்கடை மகளுக்கு வயித்துவலி எண்ட அண்டைக்கு மழைக்குள்ளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினவன் நான். பிறகு நான் கள்ளன் எண்டு அவர் சொன்னவுடனை ஏன் நம்பினனீங்கள்?"

மணியக்கா சுளகைப் பார்த்தாள். 

திறப்பை நீட்டினேன். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"உங்களோடை கோபம் இல்லை முதலாளி. வந்து சொன்னீங்கள். ஆனால் இந்தச் சனத்தை ஏத்தி இனி நான் ஓடமாட்டன்."

"வேறை ஆர் ஓடுறது? ஆஸ்பத்திரிக்கு ஆர்?"

அதற்கும் அவன் எங்களைத்தான் பார்த்தான். ஒவ்வொருவராக. பிறகு வெளியே போனான்.

இரத்தினம் அண்ணை மெசினைப் போட்டார். நான் ஏதோ சொல்லிக் கூப்பிட்டேன். மெசின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.