திசைக் கோப்பில் ஒரு கழித்தல் குறி

மார்ச் 4
இன்றும் பேராசிரியர் அறையில் அந்தப் படம் பற்றித்தான் பேச்சு. திக்கிப் பேசும் பிள்ளைகளுக்கு மூளையின் இரு பாதியையும் இணைக்கும் நரம்புப் பாலம் அறுந்திருக்கிறதாம். வரைந்தது என் மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம் என்று வருஷக்கணக்காக எழுதிப் பராமரிக்கிறேன். இங்கே ஒருத்தரும் திறந்து பார்ப்பதில்லை.

அந்தப் பிள்ளைகளில் அக்கா மகளும் ஒருத்தி. அக்காவிடம் படத்தைக் காட்டியிருக்கிறார் மனுஷன். அவள் பேச்சுப் பயிற்சியையே நிறுத்திவிட்டாள். "அறுந்தது பயிற்சியிலயா ஒட்டிக்கப் போகுது?" என்கிறாள்.

மார்ச் 9
படத்தில் அந்தப் பாலத்தின் நரம்பு நார்கள் நடுவில் ஒழுங்காகக் குறுக்கே போகின்றன. மேலே ஏற வேண்டிய இடத்தில் கீழே சரிந்து நின்றுவிடுகின்றன. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே இடத்திலா?

மார்ச் 10
அகப்பட்டது. திக்கும் பிள்ளைகளை மட்டும் புது ஸ்கேனரில் எடுத்திருக்கிறார்கள். எந்த அளவை எந்தத் திசையில் எடுத்தது என்று அது எழுதும் திசைக் கோப்பில் ஒரு அச்சுக்குக் கூட்டலும் கழித்தலும் தலைகீழ். மாற்றி ஓட்டினேன். பாலம் முழுசாக வந்தது. அக்கா மகளுக்கும். அக்காவிடம் சொன்னால், பேராசிரியர் வாயால் வந்தால்தான் நம்புவாளாம்.

மார்ச் 11
கட்டுரையைப் பத்திரிகை ஏற்றுக்கொண்டதற்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியரைத் தனியே அழைத்துச் சொன்னேன். மீசையில் க்ரீமோடு கேட்டார்.

"பாலம் முழுசா இருந்தா யாரும்மா படிப்பா?"

சிரிப்பு வேறு. கோப்பைச் சோதித்து எச்சரிக்கும் பகுதியைக் கட்டுரை வெளிவரும்வரை மென்பொருளில் சேர்க்கக் கூடாதாம். சீ. படிச்ச மனுஷன் பேசற பேச்சா இது? ஒரு குழந்தை வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கு — இந்த ஆளோடவா இத்தனை நாள் ஒரே மேஜையில சாப்பிட்டேன்?

மார்ச் 12
எச்சரிக்கும் பகுதியை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 15
எச்சரிக்கையைச் சேர்த்து வெளியிட்டுவிட்டேன். தலைகீழ்க் கோப்பு வந்தால் இனி யார் கணினியிலும் சிவப்பில் கத்தும். மதியம் பேராசிரியர் மேஜையைக் காலி செய்யச் சொன்னார். கேக் தின்ற கூட்டத்தில் ஒன்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. த்தூ.

ஏப்ரல் 2
முன்பின் தெரியாத ஒரு ஆராய்ச்சி மாணவி எழுதியிருக்கிறாள். அவளிடமும் அதே ஸ்கேனர், அதே சிவப்பு எச்சரிக்கை. பேராசிரியர் முன்பே இணையத்தில் போட்டிருந்த கட்டுரைப் பிரதியைப் படித்துவிட்டுப் பத்திரிகைக்கும் எழுதிவிட்டாள். கட்டுரையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பேராசிரியர் இப்போது பழியை ஸ்கேன் எடுத்தவர் தலையில் கட்டுகிறாராம். வேறென்ன செய்வார்.

மாணவியின் கடிதத்தையும் புதுப் படத்தையும் அக்காவுக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 6
சாயங்காலம் அக்கா எண்ணிலிருந்து போன். பேசியது அவள் மகள்.

"சி... சித்தி, நா... நாளைக்குப் ப... பயிற்சிக்குப் போறேன்."

சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. நடுவில் ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.