கரை முடிந்தது, இனிக் கடல்

தம்பி,

முதலில் பிள்ளைகள் விசேஷம். அதைச் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் உனக்குப் பிடிக்காது. பெரியவள் மகன் இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பில் தேறிவிட்டான். கணக்கில் கல்லூரிக்கே அவன்தான் முதலாம். நடுவிலவள் மகள் வாத்தியார் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திய அதே வீட்டிலிருந்து ஒருத்தி பாடம் நடத்தப் போகிறாள். சின்னப் பேரன் ஓட்டப் பந்தயத்தில் ஒரு பித்தளைத் தம்ளர் வாங்கி வந்தான். அதில் ஊற்றினால்தான் காப்பி இறங்குகிறது எனக்கு.

இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் புல்தைலம். அந்தச் சின்னவனுக்குச் சளி என்று அவன் அம்மா வெந்நீரில் நாலு சொட்டு விட்டாள். ஆவி எழும்பியதும் நீ வீட்டுக்குள் வந்துவிட்டாய்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் கல்கத்தாவில் அந்தப் பெரிய நூலகத்தில் உனக்கு வேலை கிடைத்தது. லீவில் வரும்போதெல்லாம் உன் சட்டையில் இந்த வாசனைதான் அடிக்கும். பூச்சி அரிக்காமலிருக்க அங்கே ஏடுகளுக்குப் புல்தைலம் பூசுவார்கள் என்றாய். "நம்ம மலையில மொளைச்ச புல்லு அங்க போயிக் காவலு நிக்கு அக்கா" என்று சொன்னபோது, வேலை கிடைத்தது உனக்கா புல்லுக்கா என்று கேட்டுச் சிரித்தேன்.

மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிகிற சமயம் பார்த்துத்தான் நீ வருவாய். அவித்த நெல்லைக் காயப்போட்டுவிட்டு பெண்கள் நாங்கள் கோழி விரட்டிக்கொண்டிருப்போம். நீயும் ஒரு கம்பை வாங்கிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து நூலகத்தில் உள்ளவற்றைச் சொல்ல ஆரம்பிப்பாய். பெருவிரல் அளவில் ஒரு புத்தகம், அதற்குள் எறும்புபோல எழுத்து. இரண்டு ஆள் பிடித்தால்தான் திறக்கிற இன்னொரு புத்தகம், பக்கமெல்லாம் பறவைகள். ஒரு ராஜாவின் ஜாதகம், சுருள் விரித்தால் நம் முற்றத்துக்கு நீளும். அவன் நூறு வயசு இருப்பான் என்று அதில் எழுதியிருந்ததாம். அடுத்த வருஷமே செத்துப்போனானாம்.

மேலத்தெருப் பெரியம்மை விடமாட்டாள். "இம்புட்டுப் புஸ்தகத்தையும் எவம்லே படிப்பான்?"

"படிக்கதுக்கு மட்டும் இல்ல பெரியம்மை. தொலையாம இருக்கதுக்கும்தான். தொலைஞ்சா ஒருத்தருக்கும் இல்ல. இருந்தா யாருக்காவது உண்டு."

"அப்பம் எனக்க மாப்பிள்ளையையும் அங்க கொண்டு வச்சிரு. வீட்டுல ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்ல."

பெரியப்பா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

போன வருஷம் மாசியில் நீ வந்ததுதான் கடைசி. அன்றைக்குக் குளச்சலிலிருந்து கருவாடு கொண்டுவரும் பிலோமி கூடையை இறக்கி வைத்துவிட்டு கருவாட்டுக்கு நெல் அளந்து வாங்கக் காத்திருந்தாள். நீ ஒரு பழைய நிலப்படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். எந்தக் காலத்திலோ டச்சுக்காரர்கள் வரைந்தது, நம் கரை முழுவதும் அதில் உண்டு, குளச்சலும் உண்டு, கப்பல் முட்டாமலிருக்கக் கடலில் உள்ள பாறைகளைக்கூடப் புள்ளி வைத்துக் குறித்திருக்கிறார்கள் என்றாய்.

பிலோமி தலையைத் தூக்கினாள். "கடலுல கெடக்க பாறைக்கும் தாளுல எடம் உண்டுமா சாரே?"

"உண்டும். என்னத்துக்குக் கேக்கிய?"

கூடையில் ஈயை விரட்டினாள். பிறகு சொன்னாள். "எனக்க ஆளு அங்கதான் கெடக்காரு. பாறையில கட்டுமரம் அடிச்சிப் போச்சு, உடம்பு கரையேறல்ல. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவ்வோ அவ்வோ கல்லறையில மெழுகுதிரி கொளுத்துவாவ. எனக்குக் கல்லறை இல்ல. கடக்கரையில கொளுத்தி வைப்பேன், காத்து நிக்க விடாது. கொளுத்தக் கொளுத்த அணைச்சிப்போடும்."

நீ கையிலிருந்த கம்பைக் கீழே வைத்துவிட்டு, "நான் வரைஞ்சி கொண்டு வாறேன்" என்றாய். அதிகம் பேசுகிற நீ அன்றைக்கு அவ்வளவுதான் பேசினாய்.

அது லேசான காரியம் இல்லை என்று உன் கடிதங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். பழைய தாள்மேல் வேறு தாளை வைத்து அழுத்தி வரையக் கூடாது. மை பக்கத்திலேயே வரக் கூடாது, பென்சில் மட்டும்தான். பக்கத்தில் வைத்துக் கண்ணால் அளந்து அளந்து வரைய வேண்டும், அதுவும் வேலை நேரம் போக மிஞ்சுகிற நேரத்தில். நீ எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் கரை கொஞ்சம் நீண்டது. பிலோமி வரும்போது அந்த வரிகளை மட்டும் வாசித்துக் காட்டுவேன். "சாரு இப்பம் எங்க நிக்காரு?" என்று கேட்பாள், நீ கடற்கரையில் நடந்து வந்துகொண்டிருப்பதுபோல. கடைசிக் கடிதத்தில், "கரை முடிந்தது, இனிக் கடல்" என்று எழுதியிருந்தாய்.

இந்த வருஷம் ஆடியில் தந்தி வந்தது. காய்ச்சல் என்று எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. உன்னோடு வேலை பார்த்த வங்காளித் தம்பிதான் கொள்ளி வைத்து, சாம்பலைக் கங்கையில் கரைத்தானாம். இங்கே நாங்கள் குளித்துவிட்டு வந்தோம். வேறு என்ன செய்ய?

புரட்டாசியில் உன் பெட்டி வந்தது, திருநெல்வேலி வரை ரயிலில், பிறகு பஸ்ஸின் தலையில். வேட்டிகளுக்கு நடுவே சுருட்டி வைத்திருந்த தாளைப் பிரித்தேன். கரை அத்தனை அழகாக இருந்தது. கோயில், ஆற்று முகம், பின்னால் மலைகள், ஊர்ப்பெயர்கள் தமிழில், உன் கையெழுத்தில். கடல் வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

பிலோமி வந்தபோது அதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. காட்டாமலிருக்கவும் முடியவில்லை. "கடலு போடதுக்குள்ள போயிட்டான் பிலோமி" என்றேன்.

தாளைத் தரையில் விரித்துக் குனிந்து பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள். நான் ஒவ்வொரு ஊராகத் தொட்டுச் சொன்னேன். குளச்சல் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது எங்க கோயிலா?"

"ஆமா."

"இது வேளிமலையா?"

"அதுதான்."

"மணவாளக்குறிச்சி எங்க?"

காட்டினேன். அவள் மலையின் முகட்டில் ஒரு விரலை வைத்தாள். அங்கிருந்து கோயில் குருசு வழியாக நேரே கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "மலையும் குருசும் ஒரே நேருல வரணும். கெழக்க திரும்பினா மணவாளக்குறிச்சிக் கருமணலு கண்ணுல படணும். ரெண்டும் சேந்து வந்தா மரத்தத் திருப்பிரணும், அடியில பாறைன்னு எனக்க ஆளு சொல்லுவாரு." விரல் ஓரிடத்தில் நின்றது. "அன்னைக்கு மூடுபனி. மலை தெரிஞ்சிருக்காது."

பேரனின் பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். விரல் நின்ற இடத்தில் சின்னதாக ஒரு குருசு போட்டாள். தாளைச் சுருட்டி அவளிடமே கொடுத்தேன்.

இந்த மாதம் முதல் தேதி நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நாகர்கோவிலில் ஊர்வலம், வெடி. மறுநாள் கல்லறைத் திருநாள். அதற்கடுத்து வந்தபோது பிலோமி கூடையை இறக்கியதும் இதைத்தான் சொன்னாள். "அந்தத் தாள வீட்டுக்குள்ள சொவருல ஒட்டி, கீழ மெழுகுதிரி வச்சேன். கடைசி வரைக்கும் நின்னு எரிஞ்சிது அம்மா. கடலுல போனதுக்குப் பொறவு இந்த வருஷந்தான் அவருக்குப் பக்கத்துல இருந்து செபம் சொன்னேன்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சாருக்கும் ஒண்ணு கொளுத்தினேன். கல்கத்தா எந்தப் பக்கம்னு தெரியல்ல, தாளுக்க ஓரத்துல வச்சேன். அவருக்க போட்டோ இல்லியா உங்க வீட்டுல?"

இருந்தது, எடுத்துக் காட்டினேன். உனக்குப் பதினெட்டு வயசு, கோட்டாறு ஸ்டூடியோவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது யாரோ பையனாக்கும். நான் கண்ட சாரு இல்ல" என்று திருப்பித் தந்தாள்.

அவள் போன பிறகும் அது என்னை விடவில்லை. நாற்பது கடந்த உன் முகம், மூக்குக் கண்ணாடித் தழும்பு, காதோரம் விழுந்த நரை, இதெல்லாம் இப்போது என் கண்ணுக்குள்தான் இருக்கிறது. எனக்கும் வயசாகிறது தம்பி. என்னோடு அதுவும் போய்விட்டால் பிறகு யாருக்கும் நீ அந்தப் பதினெட்டு வயசுப் பையன்தான்.

அதனால் பெரிய பேரனை உட்காரவைத்து, அந்த வங்காளித் தம்பிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். நான் சொன்னதை அப்படியே எழுதினானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். இதுதான் எழுதியது: "என் தம்பியின் போட்டோ உங்களிடம் இருந்தால், அதில் கடைசியாக எடுத்தது எதுவோ அதைத் தபாலில் அனுப்புங்கள். பலபேரோடு நின்று எடுத்ததென்றாலும் சரி. அவன் எந்த வரிசையில் நிற்கிறான் என்று நீங்கள் குறிக்க வேண்டாம். நான் கண்டுபிடித்துக்கொள்வேன்."