பெறுமதி தேய்ந்த வலது கை

ஐப்பசி, வியாழக்கிழமை.

இன்று வாகரையிலிருந்து ஒரு மீனவரும் மனைவியும் புளியந்தீவிலுள்ள என் மொழிபெயர்ப்புக் கந்தோருக்கு வந்தார்கள். வலை இழுக்கும் இயந்திரத்தில் அவருடைய வலது கை நசுங்கியிருந்தது. காப்புறுதிக்காரர்களின் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தக் கைக்கு அவர்கள் போட்டிருந்தது, பழைய வாகனங்களின் விலை இறக்கத்துக்குப் போடும் சொல். 'பலம் குறைந்த' என்று எழுதப் பார்த்தேன். அது பொய்யாகிவிடும். 'நிரந்தரமாகப் பெறுமதி தேய்ந்த வலது கை' என்றே எழுதினேன். எழுதும்போது மனதில் ஒன்றுமே தோன்றவில்லை.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் எழுதிக் கொடுத்ததை மனைவி உரத்து வாசித்துக்கொண்டு வந்து அந்த வரியில் நின்றார். பிறகு தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கை ஆற இன்னும் கொஞ்ச நாள் எடுக்குமாம்" என்றார்.

மீனவர் என்னைப் பார்த்தார். "அப்ப ஆறின புறகு கடலுக்குப் போகலாந்தானே மிஸ்?"

மனைவி நிமிரவில்லை. தாளின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன்.

அவர் சிரித்தார். "நான் சொன்னன்தானே" என்றார் மனைவியிடம். நான் தாளை வாங்கி, மொழிபெயர்ப்பு சரியென்று ஒப்பமிட்டு முத்திரை குத்திக் கொடுத்தேன்.

அடுத்து ஒரு காணி உறுதி மொழிபெயர்க்க வந்தது. அதையும் பிழையில்லாமல் முடித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

காயம் ஆறிய பிறகு அந்த மனுசி அவருக்கு என்ன வாசித்துக் காட்டுவார் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.