பாபநாசத்தான்

பாளையங்கோட்டை
18-7-1994

அன்புள்ள சித்ராவுக்கு,

கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் சுகம். உன் வீட்டுக்காரரும் பிள்ளையும் சுகந்தானே? நீ ஐதராபாத் போனபிறகு வந்தது ஒரே ஒரு கடிதம். மருந்துக் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்ததும் கல்லூரிச் சிநேகிதியின் விலாசம் மறந்துபோயிற்றோ?

இனி மறக்க முடியாது. பாபநாசம் படித்துறைக்கு மேலே மருத மரத்தடியில் நாம் கரண்டியால் மண் தோண்டியபோது, குளிக்க வந்த ஒருத்தி "என்னட்டி, புதையலா தேடுதிய?" என்று கேட்டாளே, அந்த மண்ணில் உண்மையாகவே ஒன்று இருக்கிறது. கரைத்துத் தட்டில் ஊற்றி வளர்த்த நுண்ணுயிர்களில் ஒருவன் மட்டும் வெள்ளைப் பொடி பூசி, உங்கள் வீட்டு ஆண்களின் நெற்றி மாதிரி இருந்தான். மூடியைத் திறந்தால் மழை விழுந்த தரை வாசனை. பக்கத்தில் டைபாய்டு கிருமியைத் தடவி வைத்தேன். மறுநாள் அவனைச் சுற்றி ஒரு கிருமி இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாபநாசத்தான் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அவன் சுரக்கிற மருந்து புதிதா, பழையதா என்று பார்க்க நான் வேலைபார்க்கும் இந்தக் கல்லூரியில் மெஷின் கிடையாது. ஒரு குழாயில் அவனை உனக்கு அனுப்புகிறேன். என் ஆய்வேட்டுக்கு 96 ஜூன் கடைசி. அதற்குள் கொடுத்தால்தான் வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதனால் சீக்கிரம் பார்த்துச் சொல்.

உன்
ஃபெபி


உ
ஐதராபாத்
11-10-1994

என் பிரியமுள்ள ஃபெபிக்கு,

காந்திமதி அம்மன் அருளால் நலம். உன் பாபநாசத்தான் இங்கே ராஜா! வழக்கமான மாத்திரைக்குச் சாகாத டைபாய்டு கிருமியைக்கூட விடவில்லை. எங்கள் டைரக்டர் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வேண்டுகோள். முடிவு தெரியும்வரை இவனைப் பற்றி நீ எதுவும் அச்சில் போடக்கூடாதாம், கருத்தரங்கிலும் பேசக்கூடாதாம். எனக்காகப் பொறுத்துக்கொள். மருந்து புதிதென்றால் உன் பெயரும் என் பெயரும் சேர்ந்து வரும். நிறைய வேண்டியிருக்கிறது; மாதாமாதம் புதிதாக வளர்த்து அனுப்புவாயா?

குழாயோடு நீ அனுப்பிய அல்வா தீர்ந்துவிட்டது என்பதையும் இத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அன்புடன்
சித்ரா


பாளையங்கோட்டை
9-1-1995

அன்புள்ள சித்ராவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். அல்வாவும் குழாய்களும் ஒரே பெட்டியில் வருகின்றன. அவசரத்தில் மாற்றித் தின்றுவிடாதே.

நீ சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. ப்ரிட்ஜில் இடம் போதாமல் மணிமுத்தாற்று மண், வயல் மண், கரையான் புற்று மண் எல்லாவற்றிலிருந்தும் எடுத்து வைத்திருந்த மற்ற குழாய்களைக் கொதிக்கவைத்துக் கழுவிவிட்டேன். இப்போது எல்லாத் தட்டிலும் இவன்தான். என் வழிகாட்டி தேவசிகாமணி சார் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, இவன் ஒருத்தனையே கட்டிக்கிட்டு அழுதியே, நாளைக்கு இவன் காலை வாரிவிட்டாம்னா என்ன செய்வே?" என்று கேட்டார். சித்ரா பார்த்துக்கொள்வாள் சார் என்று சொன்னேன்.

அப்பாவுக்கு ஏப்ரலில் கண் ஆபரேஷன். ஜெபித்துக்கொள், உங்கள் அம்மனிடம் சொன்னாலும் சரிதான்.

உன்
ஃபெபி


உ
ஐதராபாத்
14-4-1995

பிரியமுள்ள ஃபெபிக்கு,

அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். இந்த நேரத்தில் நீ வேறு எதையும் மனசில் போட்டுக்கொள்ளாதே. பிள்ளைக்குக் காது குத்தினோம். வெயில் இங்கே நம் ஊரைத் தோற்கடிக்கிறது.

அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. மெஷின் பழுது, அது இது என்று தாமதம். குழாய் இனி அனுப்ப வேண்டாம், போதுமானது இருக்கிறது. எல்லாம் நல்லபடியாக நடக்கும். கொஞ்சம் காத்திரு.

சித்ரா


பாளையங்கோட்டை
20-11-1995

அன்புள்ள சித்ரா,

ஏப்ரலுக்குப் பிறகு நான் எழுதுகிற மூன்றாவது கடிதம் இது. பதில் எழுத நேரமில்லாவிட்டால் ஒரு கார்டில் "புதிது" அல்லது "பழையது" என்று ஒரு சொல் போதும். ஜூன் நெருங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஃபெபி


பாளையங்கோட்டை
9-4-1996

சித்ரலேகா அவர்களுக்கு,

உங்கள் கூடத்தில் வேலைபார்க்கும் பூதலிங்கம் சார் நாங்குநேரிக்காரராம். ஊருக்கு வந்தவரைக் கல்லூரியில் பேச அழைத்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் பாபநாசத்து மண்ணைப் பற்றி மெதுவாகக் கேட்டேன்.

"அதா தாயி? அது போன வருசம் மார்ச்சுலயே முடிஞ்சுபோச்சே. அம்பது வருசத்துக்கு முந்தி கண்டுபிடிச்சு, கிட்னியக் கெடுக்குதுன்னு தள்ளிவச்ச மருந்துல்லா. சித்ரலேகா மேடந்தான ரிப்போர்ட்டே எழுதுனாவ. ஒங்ககிட்டச் சொல்லலியா?"

"சொன்னாவ சார், நான்தான் மறந்துட்டேன்" என்றேன். தேவசிகாமணி சார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உன்னை விட்டுக்கொடுக்க அந்த நேரத்திலும் எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

மருந்து பழையதாகப் போனதற்கு உன்மேல் குறையில்லை. மண்ணைத் தோண்டுகிற யாருக்கும் நடப்பதுதான். நீ அப்போதே சொல்லியிருந்தால் மறுநாளே மணிமுத்தாற்றுக்குப் பஸ் ஏறி முதலிலிருந்து தொடங்கியிருப்பேன். ஒரு வருஷத்துக்கு மேல் கையில் இருந்தது. இப்போது இரண்டு மாதத்தில் எந்த மண்ணும் எனக்கு எதையும் தராது. வேலை ஜூனோடு சரி.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றுதான் முதலில் மறைத்திருப்பாய். பிறகு சொல்லக் கூச்சமாகியிருக்கும். உன்னை எனக்குத் தெரியும். நம் ஊரிலும் ஆள் போன பிறகுதான் "உடம்பு மோசம், உடனே புறப்படு" என்று தந்தி கொடுப்பார்கள். அதுவும் பொய்தான். ஆனாலும் அந்தப் பொய்யை நம்பி ரயிலேறுகிறவனுக்குக் கடைசியாக முகம் பார்க்கவாவது கிடைக்கும்.

நீ என்னைக் காத்திருக்கச் சொன்னாய்.

இப்படிக்கு
ஃபெபி