அம்மா, நீங்கள் கேட்டது எது?

என்னைப் பெற்று, திட்டித் திட்டியே ஆளாக்கிய என் அம்மாவுக்கு,

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. வீடு அப்படியேதான் இருக்கிறது. கூரையில் ஒழுகுகிற இடத்தில் இன்னும் ஒழுகுகிறது. பயற்றங்கொடிக்கு நான் நட்ட கம்பு சாய்ந்துவிட்டது. நீங்கள் பார்த்திருந்தால், "தையல் மெசின் புடிச்ச கைக்கு கம்பு நடத் தெரியுமா" என்று கேட்டுவிட்டு நீங்களே பிடுங்கி நட்டிருப்பீர்கள். வெற்றிலைக்கொடி மட்டும் நான் கவனிக்காமலே நன்றாக இருக்கிறது. அதற்கு என்மேல் ஏதோ இரக்கம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கொழும்பிலிருந்து போன் எடுக்கிறான். சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்பான். பின்னால் அவன் பிள்ளைகள் சத்தம் போடும். இரண்டு நிமிடம்கூட இருக்காது. மற்ற ஆறு நாளும் நான் தமிழே பேசுவதில்லை அம்மா. கார்மென்ட் பாக்டரியில் சிங்களம், பஸ்ஸில் சிங்களம், கடையில் சிங்களம். முன்பெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாய் தானாகத் தமிழுக்கு மாறிவிடும், உள்ளே நீங்கள் இருந்ததால். இப்போது மாறி என்ன செய்ய? போன கிழமை கோழியிடம் பேசினேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நான் தனியாக இருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கல்யாணம் கட்டியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்ற பழைய கதையை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

இதை ஏன் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வரிசையாகச் சொல்லி வருகிறேன். படிக்கிறவர்களுக்கு முதலில் உங்களைத் தெரிய வேண்டும் அல்லவா?

என் அம்மாவின் பெயர் பாக்கியம். கொடகவெலப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மாவின் அப்பா தோட்டத்து வேலை போதாதென்று, ஓடைக்கு அந்தப் பக்கம் காடு வெட்டி மரவள்ளியும் வெற்றிலையும் போட்டவர். ஐந்து பிள்ளைகளில் மண்வெட்டி பிடித்தது அம்மா ஒருவர்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று வீட்டில் சொன்னார்கள். அம்மாவும் போதும் என்றுதான் சொன்னாராம், அந்த வாத்தியாரைப் பிடிக்காமல்.

கல்யாணமாகி தெஹியோவிட்டப் பக்கம் இந்த றப்பர் தோட்டத்துக்கு வந்தீர்கள். விடியும் முன்னே போய் மரத்துப் பட்டையைச் சீவி, வழிகிற பாலைச் சிரட்டையில் பிடித்து, வெயில் ஏறுவதற்குள் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நனைந்த மரத்தில் வெட்ட முடியாது. அதனால் மழை பெய்தால் தோட்டத்தில் எல்லாருக்கும் வேலை இல்லை. மற்றப் பெண்கள் போர்வைக்குள் இன்னும் கொஞ்சம் சுருண்டு படுப்பார்கள். நீங்கள் தலையில் ஒரு பொலித்தீனைக் கட்டிக்கொண்டு கொல்லையில் பயிர் வேலைக்கு இறங்குவீர்கள். சின்ன வயதில் எனக்கு மழை நாள் என்றாலே ஆத்திரமாக வரும். அன்றைக்காவது அம்மா வீட்டில் இருக்கக் கூடாதா என்று.

அப்பா செத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நீங்கள் மூன்று நாள் அழுதீர்கள். நாலாம் நாள் மழை இல்லை, வேலைக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றியோ உங்களைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "சாப்புடு", "கதவச் சாத்து", "வெளக்க அணை". வீட்டுக்குள் உங்கள் தமிழ் அவ்வளவுதான்.

ஆனால் கொல்லையில் விளைந்ததை விற்கப் போகும் சந்தையில் நீங்கள் வேறு ஆள். கூடையை இறக்கி வைத்ததும் சிங்களம் கொட்டும். பயற்றங்காய் வாங்க வருகிற அம்மாமாரிடம் குடும்பக் கதை, புருஷன் கதை, முதுகு வலிக் கதை. அவர்கள் சிரிப்பார்கள், நீங்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். சாக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் எனக்குக் கோபமாக இருக்கும். தமிழில் ஊமை, சிங்களத்தில் வாயாடி. எனக்கு மட்டும் ஏன் அந்த வாயாடி அம்மா கிடைக்கவில்லை? இதை நான் உங்களிடம் கேட்டதே இல்லை.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

உங்களுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்றும் டொக்டர் சொன்னார். அதை நிறைவேற்றும் வேலை என்னுடையது. போத்தல் மூடியில் அளந்து கொடுத்தேன். நீங்கள் தண்ணீர் கேட்டபோதெல்லாம் உங்கள் முகத்தைப் பார்க்காமல் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு தரம் நீங்கள், "பெத்த புள்ள மாதிரியா இருக்க, கண்டக்டர் மாதிரியில்ல இருக்க" என்றீர்கள். தோட்டத்து கண்டக்டர் பாலை அளக்கிற மாதிரி நான் தண்ணீரை அளந்தேன் என்று. நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் சோமா அக்கா இருந்தார். இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தத்தில் காலில் புண். சிங்கள ஆள், உங்களைவிடப் பதினைந்து வயதாவது இளமை. ஆஸ்பத்திரி வாட்டுக்குள்ளும் உங்களுக்குச் சந்தை கிடைத்துவிட்டது. ஒன்பது நாளும் அவரோடு கதைதான். என்னிடம் தண்ணீருக்குச் சண்டை, அவரிடம் ஊர்க்கதை.

பத்தாம் நாள் காலையில் நான் நாற்காலியில் இருந்தபடியே தூங்கி விழுந்தேன். நீங்கள்தான் சொன்னீர்கள்.

"நீ போயி குளிச்சிட்டு வா புள்ள. எனக்கு என்ன, பக்கத்துல ஆளு இருக்குல்ல."

இரண்டு மணித்தியாலத்தில் வருகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து குளித்தேன். கொஞ்சம் முதுகைச் சாய்ப்போம் என்று படுத்தேன். கண் விழித்தபோது வெயில் பின்வாசலுக்குப் போயிருந்தது. ஓடினேன். பஸ் கிடைக்கவில்லை, ஆட்டோ பிடித்தேன். வாட்டு வாசலில் நேர்ஸ் மிஸ் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

திரைக்குப் பக்கத்தில் சோமா அக்கா, புண்காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நான் உட்காருகிற நாற்காலியில் இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். மத்தியானத்திலிருந்து அம்மா "தனியி, தனியி" என்றே முனகிக்கொண்டிருந்தாராம். தனியி என்றால் சிங்களத்தில், தனியாக இருக்கிறேன் என்று. அதைக் கேட்கப் பொறுக்காமல் அவர் கட்டிலை விட்டு இறங்கி வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாராம். "தனியா இல்லை அம்மா, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். கடைசி மூச்சு வரைக்கும் விடவில்லையாம்.

பதினைந்து நாள் நான் அந்தச் சொல்லோடுதான் இருந்தேன். என் அம்மா தனியாக இருக்கிறேன் என்று சொல்லிச் செத்தார், நான் வீட்டில் தூங்கினேன். வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்கு சோமா அக்கா வந்தார். கட்டுப் போட்ட காலோடு இரண்டு பஸ் மாறி, ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டு வந்தார். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று நம்மைப் போலவே கும்பிட்டார். நான் அவரை முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கொடகவெலயிலிருந்து வந்த உங்கள் தம்பி, நம் சின்ன மாமா, சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சோறு தொண்டையில் சிக்கிக்கொண்டது. இருமிக்கொண்டே சமையல் பக்கம் பார்த்து, அடைத்த குரலில் கேட்டார்: "தண்ணி… தண்ணி…"

சோமா அக்கா தலையைத் தூக்கினார். நானும் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது விளங்கியது அம்மா.

யாரோ ஓடிவந்து மாமாவிடம் செம்பை நீட்டினார்கள். சோமா அக்கா அந்தச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நங்கி, அம்மா சொன்னது இதுவா? தண்ணியா கேட்டாங்க? என் மேசையில போத்தல் நெறைய தண்ணி இருந்துச்சே."

நங்கி என்றால் தங்கச்சி. அவர் அப்படிக் கூப்பிடும்போதே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் தோளில் கையை வைத்தார். உங்கள் கையைப் பிடித்திருந்த கை. இன்னும் ஒரு வினாடி நான் சும்மா இருந்திருந்தால், அந்த மனுஷி ஆயுளுக்கும் அந்தப் போத்தலை நினைத்துக்கொண்டு கிடப்பார்.

"இல்ல அக்கா," என்றேன். "இது வேற சொல்லு, சத்தந்தான் ஒண்ணு. அம்மா ஒங்ககூட சிங்களத்துலதானே பேசினாங்க? நீங்க கேட்டதுதான் சரி."

நம்பினாரா என்று தெரியாது. நல்லது நங்கி என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டார். சாப்பிட்டார். அந்தி பஸ்ஸில் போனார். பஸ் திரும்பும் வரைக்கும் கையை ஆட்டினார்.

அவரிடம் நான் சொன்னது பொய்யா அம்மா? எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். அண்ணனிடம் சொன்னால், செத்த பிறகு இதையெல்லாம் ஏன் கிளறுகிறாய் என்பான். மாமாவுக்கு இப்போது காதும் கேட்பதில்லை. சோமா அக்காவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இதை உங்களுக்குத் தமிழில், எல்லாரும் பார்க்க எழுதுகிறேன். யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும் என்று. அவருக்கு மட்டும் இதை யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். வாய் உலர்ந்திருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வருகிறது. நீங்கள் தண்ணீர் கேட்டிருந்தால்? நான் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மணிக்கூட்டைப் பார்த்திருப்பேன். இப்பதானே குடித்தீர்கள் என்று அதட்டியிருப்பேன். உங்கள் கையைப் பிடிக்க எனக்குத் தோன்றியிருக்காது. ஒன்பது நாளில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. உங்கள் பாஷை விளங்காத ஒருவர் தப்பாகக் கேட்டதால்தான் உங்கள் கையைப் பிடிக்க ஆள் கிடைத்தது. அதை நினைத்தால் எனக்கு நன்றியாகவும் இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது.

தனியாக இருக்கிறேன் என்று சொல்லியிருந்தால்? அதையும் நம்பலாம். மனதில் உள்ளதை நீங்கள் சொன்னதெல்லாம் சிங்களத்தில்தானே. ஆனால் எத்தனை வருஷமாகத் தனியாக இருந்தீர்கள்? அப்பா போனதிலிருந்தா? வீட்டில் நான் அடுத்த கட்டிலில்தானே படுத்திருந்தேன்? என்னிடம் ஒரு தரம் தமிழில் சொல்லியிருந்தால் ஆகாதா? சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேனே. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் தனித்தனியாக இருந்திருக்கிறோம், எவ்வளவு முட்டாள்தனம்.

நேற்று சோமா அக்கா போன் எடுத்தார். புண் ஆறவில்லை, அடுத்த கிழமை காலில் ஒரு விரலை எடுக்கப் போகிறார்களாம். மகன் கொரியாவில் இருக்கிறான், மருமகளுக்குக் கைக்குழந்தை. எனக்கு ஒன்றும் வேண்டாம், சும்மா சொல்லத்தான் எடுத்தேன் என்றார். அந்தச் சும்மா எனக்கு இப்போது விளங்குகிறது. கார்மென்ட்டில் ஒரு கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர், உன் சொந்தக்காரரா என்று கேட்டார். அக்கா என்றேன்.

உங்களுக்குச் சத்தியம் செய்கிறேன் அம்மா. அவர் பக்கத்தில் இருப்பேன். அவர் என்ன முனகினாலும், எனக்கு விளங்கியதை வைத்துக்கொண்டு முடிவு செய்யமாட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குக் கிட்டக் காதை வைத்து, என்ன வேணும் அக்கா என்று கேட்பேன். சரியாகக் கேட்கவில்லையென்றால் இன்னொரு தரம் கேட்பேன். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வா என்று அவரே சொன்னாலும் எழும்பமாட்டேன்.

இப்படிக்கு,
அன்றைக்குப் பிந்தி வந்த உங்கள் மகள்,
வசந்தா